ஆளுக்குப் பதில் ஒரு கல்

சைதாப்பேட்டையில் நாங்கள் குடியிருந்த தெருவில் ஒரே ஒரு அடிபம்பு. எண்பதுகளின் கோடையில் அதில் தண்ணீர் எப்போது வரும் என்பது தெருவில் ஒருவருக்கும் தெரியாது. சில நாள் விடியற்காலை மூன்று மணிக்கே வரும். சில நாள் ஆறாகிவிடும். சில நாள் காற்று மட்டும் சீறிவிட்டு அடங்கிவிடும். ஆனால் முதல் நாள் ராத்திரி எல்லார் வீட்டிலும் சாப்பாடு முடிவதற்குள் பம்படியில் வரிசை சேர்ந்திருக்கும். அந்த வரிசையில் ஆட்கள் இருக்கமாட்டார்கள். ஒரு செங்கல், ஒரு கருங்கல், வார் அறுந்த செருப்பு, அடி ஓட்டையான பிளாஸ்டிக் குடம், துருப்பிடித்த டால்டா டப்பா, உடைந்த அம்மியில் பாதி. ஒவ்வொன்றும் ஒரு வீடு.

எந்தக் கல் யாருடையது என்று சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். எங்கள் வீட்டுக் கல் ஒரு மூலை உடைந்த சிமெண்ட் கட்டி. ராத்திரி அதைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவது என் வேலை. வைக்கும்போது முன்னால் இருக்கும் கற்களை எண்ணிக்கொண்டு வந்து அம்மாவிடம் சொல்ல வேண்டும். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் காலையில் எப்போது உலை வைப்பது, தம்பியை எப்போது குளிப்பாட்டுவது என்று அம்மா கணக்குப் போடுவாள்.

அந்த வயதில் எனக்கு இது விடுபடாத புதிராக இருந்தது. எங்கள் தெரு சாதுவான தெரு இல்லை. வாசல் தெளித்த தண்ணீர் அடுத்த வீட்டுப் பக்கம் ஓடினால் சண்டை வரும். கொடியில் காய்ந்த புடவை நகர்ந்திருந்தால் சண்டை வரும். பிள்ளைகள் விளையாட்டில் ஆரம்பித்தது பெரியவர்கள் பேச்சில் போய் முடியும். அப்படிப்பட்ட தெருவில், விளக்குக் கம்பத்தில் பல்பு எரியாத ராத்திரியில், தன் கல்லை நாலு இடம் முன்னால் நகர்த்தி வைத்துக்கொண்டால் யார் பார்க்கப் போகிறார்கள்? ஒரு எட்டு வேலை. ஆனாலும் காலையில் போய்ப் பார்த்தால் ராத்திரி எண்ணிய கணக்கு அப்படியே இருக்கும். ஒரு குடம் தண்ணீருக்கு அவ்வளவு அலைகிற மனிதர்கள், காவல் இல்லாத ஒரு கல்லைத் தொடாமல் தாண்டிப் போனார்கள்.

அதற்கென்று சட்டங்கள் இருந்தன. கல் ராத்திரிக்கு மட்டும்தான். நல்ல குடத்தை ராத்திரி தெருவில் விட்டால் விடியும்போது இருக்காது. அதனால்தான் யாருக்கும் வேண்டாத பொருளாகப் பார்த்து வைப்பார்கள். தண்ணீர் வந்துவிட்டது என்று பம்பின் கைப்பிடிச் சத்தம் கேட்டதும் அவரவர் வந்து கல்லை எடுத்துவிட்டு அதே இடத்தில் குடத்தை வைக்க வேண்டும். முறை வரும்போதும் கல்லாகவே கிடந்தால் அதை ஓரமாக ஒதுக்கலாம். ஆனால் ஒதுக்குவதற்கு முன் அந்த வீட்டுக் கதவைத் தட்டிக் குரல் கொடுக்க வேண்டும். குரல் கொடுக்காமல் ஒதுக்கினால் தெருவே திரண்டு கேட்கும். ஒரு சுற்றுக்கு வீட்டுக்கு இரண்டு குடம். இரண்டும் நிரம்பியதும் கடைசிக்குப் போய்விட வேண்டும். பிள்ளை பெற்ற வீட்டுக்கும் சாவு விழுந்த வீட்டுக்கும் வரிசையே கிடையாது. வந்து பிடித்துக்கொண்டு போகலாம்.

இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவும் இல்லை. பம்புக்கு எதிர்த் திண்ணையில் பூக்கட்டும் ஆயா ஒருவர் இருந்தார். ராத்திரி படுப்பதும் அங்கேதான். புதிதாகக் குடிவந்த ஒரு அக்கா முதல் நாள் விடியலில் இரண்டு குடத்தோடு வந்து, பம்புக்கு நேராக இருந்த கல்லைக் காலால் தள்ளப் போனார்.

“யாருமே இல்லியே ஆயா, வெறும் கல்லுதானே?”

“கல்லா? அது மூணாம் வூட்டுக்காரிம்மா. கைக்கொழந்தைய வெச்சிக்கினு ராவெல்லாம் முழிச்சிருக்கா, தூங்கட்டும். நீ போய் உன் கல்ல எடுத்தாந்து கடேசில வையி. உன்னுதையும் ஒருத்தரும் தொட மாட்டாங்க.”

அந்த வழக்கத்துக்கு நான் கேட்ட விளக்கங்களில் இதுதான் மிகத் தெளிவானது. கல்லுக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறாள், அவளுக்கு ஒரு காரணம் இருக்கிறது. அவளுடையதை நீ தொடாவிட்டால் உன்னுடையதை யாரும் தொடமாட்டார்கள். சமூகத்தைப் பற்றிப் பிற்பாடு எத்தனையோ படித்தேன். ஆயா சொன்ன இந்த இரண்டைத் தாண்டிப் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை.

சென்னையின் தண்ணீர்க் கதை தெரிந்தவர்களுக்குத்தான் அந்தக் கல்லின் அருமை புரியும். இந்த நகரத்துக்கு வற்றாத ஆறு கிடையாது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று ஏரிகளை நம்பித்தான் பெரும்பாலும் பிழைப்பு. அந்த ஏரிகள் நம்பியிருப்பது அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையை. அது ஒரு வருடம் பொய்த்தால் அடுத்த கோடையில் குழாய் வறண்டுபோகும். குடிநீர் வாரியம் 1978-ல் அமைந்தது. கிருஷ்ணா நதித் தண்ணீர் பூண்டிக்கு வந்து சேர்ந்தது 1996-ல். இடைப்பட்ட வருடங்களில் வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். இருப்பதை எல்லாப் பகுதிக்கும் பங்கிட வேண்டும் என்பதால் தண்ணீரை நேரம் பிரித்து விட்டார்கள். அழுத்தம் குறைந்த குழாயில் அது எங்கள் தெருமுனைக்கு வந்து சேரும் நேரத்தை யாராலும் சொல்ல முடியவில்லை.

நேரம் தெரியாத ஒன்றுக்கு வரிசை நிற்பதென்றால் ராத்திரி முழுக்க ஒருவர் விழித்திருக்க வேண்டும். யார் விழித்திருப்பது? அப்பாவுக்கு அம்பத்தூரில் தொழிற்சாலை வேலை. முதல் ஷிப்ட் என்றால் இருட்டோடு கிளம்ப வேண்டும். அவருக்குச் சோறு கட்ட அம்மா அதற்கும் முன்னால் எழ வேண்டும். பக்கத்து வீட்டில் தனியாக இருந்த விதவை அத்தை வீட்டு வேலைக்குப் போகிறவர். மூன்றாம் வீட்டில் கைக்குழந்தை. உடம்போடு வந்து நிற்பவருக்குத்தான் தண்ணீர் என்று வைத்திருந்தால், நிற்க ஆள் இருக்கும் வீட்டுக்கு நிறையக் கிடைத்திருக்கும். வயசுப் பையன்கள் நாலு பேர் உள்ள வீடு பம்பை வளைத்துக்கொண்டிருக்கும். அத்தையின் குடம் காலியாகவே திரும்பியிருக்கும். ஒரு செங்கல்லை வைக்க மட்டும் யார் தயவும் வேண்டியதில்லை. நாலு ஆண்பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும் ஒரு கல், அத்தைக்கும் ஒரு கல். அந்த வழக்கத்தை உண்டாக்கியவர்கள் பெண்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தங்கள் நேரம் தங்கள் கையில் இல்லாதவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொண்ட உதவி அது.

பஸ்ஸில் துண்டு போடுகிற வழக்கத்தையும் நான் இந்தக் கல்லோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன்.

கோடை விடுமுறைக்குக் கும்பகோணம் பக்கத்தில் இருந்த அம்மாவின் ஊருக்குப் போவோம். அப்போது வெளியூர் பஸ்கள் பாரிமுனையிலிருந்து புறப்படும். பஸ் நிலையம் 2002-ல் கோயம்பேட்டுக்குப் போனது, 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கத்துக்குப் போனது. பஸ் நிலையம்தான் இடம் மாறியதே தவிர, துண்டு கூடவே வந்தது. கும்பகோணத்துக்காரர்களுக்கு அன்று சோழன் பஸ். மாவட்டப் போக்குவரத்துக் கழகங்களுக்குத் தலைவர்கள், மன்னர்கள் பெயர் இருந்த காலம். 1997-ல் தான் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வந்தது. பஸ் நிலையத்துக்குள் வண்டி திரும்பும்போதே கூடவே ஆட்கள் ஓடுவார்கள். வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு, கர்ச்சீப், மஞ்சள் பை, செய்தித்தாள், சாப்பாட்டுக் கேரியர் எல்லாம் உள்ளே விழும். அப்பா நல்ல உயரம். ஓடிக்கொண்டே எட்டி, மூன்று பேர் உட்காரும் சீட்டின் நடுவில் விழும்படி துண்டை வீசிவிட்டு, “போட்டாச்சு, நீ பதறாம ஏறு” என்று அம்மாவைப் பார்த்துக் கத்துவார். அம்மாவின் இடுப்பில் தம்பி, கையில் நான், காலடியில் தகரப் பெட்டி.

பம்படியில் பார்த்த அதே புதிரை அங்கேயும் பார்த்தேன். பஸ் வாசலில் யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். முழங்கை இடிக்கும், பெட்டி முதுகில் மோதும். குழந்தை வைத்திருக்கிறாள் என்று பார்ப்பவர்கள் சிலர்தான். ஆனால் அதே கூட்டம் உள்ளே ஏறி, சீட்டில் ஒரு துண்டைப் பார்த்ததும் நின்றுவிடும். “இங்க ஆள் வருதா?” என்று பக்கத்தில் கேட்டுவிட்டு அடுத்த சீட்டுக்கு நகரும். வாசலில் என் அம்மாவைத் தள்ளிவிட்டு ஏறிய மனிதரே அப்பாவின் துண்டுக்கு முன்னால் ஒதுங்கி நின்றதைப் பார்த்திருக்கிறேன். உயிருள்ள ஆளுக்குத் தராத மரியாதையை மனிதர்கள் எதற்காக ஒரு துணிக்குத் தருகிறார்கள்?

வெகு நாள் யோசித்ததில் எனக்குப் பட்டது இது. வாசலில் நடக்கும் தள்ளல் யாருடையது என்று சொல்ல முடியாது. பின்னால் இருப்பவர் தள்ள, நடுவில் இருப்பவர் தள்ள, எல்லாரும் சேர்ந்து ஒரே அழுத்தமாகிவிடுகிறது. அதில் யாருக்கும் குற்ற உணர்வு வராது. துண்டை எடுப்பது அப்படியல்ல. ஒரு கை நீண்டு எடுக்க வேண்டும். எடுத்த துண்டை எங்கேயாவது வைக்க வேண்டும். அதற்குரியவர் வந்து முகத்தைப் பார்த்துக் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டும். அது ஒருவர் தெரிந்தே செய்கிற காரியமாகிவிடும். கூட்டத்துக்குள் கரைந்திருக்கும் வரை எதையும் செய்யத் துணிகிறவர், தனியாகத் தெரிகிற இடத்தில் நியாயம் பார்க்கிறார். கூடவே, நாளைக்குத் தன் துண்டும் இப்படி ஒரு சீட்டில் ஆளில்லாமல் கிடக்கப் போகிறது என்பது அவருக்குத் தெரியும்.

துண்டு போடுகிறவர்களைச் சுயநலக்காரர்கள் என்று திட்டுவது சுலபம். முதலில் ஏறியவருக்கே சீட்டு என்பதுதான் நியாயம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் யார் முதலில் ஏறுவார்? ஓட முடிந்தவர். கையில் குழந்தையில்லாதவர், முட்டி வலிக்காதவர், புடவைக்குப் பதில் பேண்ட் போட்டவர். துண்டு அந்த ஓட்டத்தின் பலனை ஓட முடியாதவருக்கு வாங்கித் தருகிறது. நான் பார்த்த பல துண்டுகள் வீசியவருக்காக வீசப்பட்டவை அல்ல. கீழே நிற்கும் மனைவிக்கு, அம்மாவுக்கு, ஊருக்குத் தனியாகப் போகும் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு. வழியனுப்ப வந்த பையன்கள் துண்டு போட்டு ஏறி, பாட்டியை உட்காரவைத்துவிட்டு இறங்கிப் போவார்கள்.

ஒரு தீபாவளிக்கு முந்தின ராத்திரி. மூன்று பேர் சீட்டில் ஒரு துண்டு கிடந்தது, மீதி இடங்களில் ஆள் இருந்தார்கள். ஒரு வயதான அம்மா வந்து துண்டை எடுத்து ஒழுங்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டு அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார். பின்னாலேயே துண்டுக்காரத் தம்பி வந்தார்.

“பாட்டி, அது துண்டு போட்ட சீட்டு.”

“தெரியும்பா. இந்தா, உன் துண்டு பத்திரமா இருக்கு. முட்டி விண்ணு விண்ணுன்னு வலிக்குது. திண்டிவனம் வரைக்கும் உக்காந்துட்டு எழுந்துடறேன்.”

“எனக்கில்ல பாட்டி. மாசமா இருக்கா, கீழ நிக்கிறா.”

நடத்துனர் அந்தப் பக்கமாக வந்தவர், “துண்டுக்கெல்லாம் நான் டிக்கெட் கிழிக்கிறதில்ல தம்பி” என்று சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண் ஏறிவிட்டார். அவர் வயிற்றைப் பார்த்ததும் பாட்டி எழப் போனார். எழவிடாமல் அந்தப் பெண் பாட்டியின் தோளை அழுத்தினார். ஓரத்தில் உட்கார்ந்திருந்த நடுவயதுக்காரர் எழுந்து, “நீங்க ரெண்டு பேரும் உக்காருங்க, நான் விழுப்புரத்துல சீட்டு காலியானா பாத்துக்கறேன்” என்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். செங்கல்பட்டு தாண்டியதும் மற்றவர்கள் நெருங்கி உட்கார்ந்து அவருக்கும் பாதி இடம் ஒதுக்கினார்கள். மூன்று பேர் சீட்டில் நான்கு பேர் உட்கார்வது நம் ஊர்களில் புதிதல்ல. துண்டு அன்று ஒரு உரிமையைச் சொன்னது, அதைப் பாட்டி உட்பட யாரும் மறுக்கவில்லை. ஆனால் அதோடு பேச்சு முடிந்துவிடவில்லை. நேரில் வந்து நின்ற உடம்பின் தேவை துண்டைவிடப் பெரிது என்பதும் அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இந்த வழக்கத்துக்கு வேறு உருவங்களும் உண்டு. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றும் நாளில் கேன்களின் கைப்பிடிக்குள் ஒரே கயிற்றைக் கோத்து வரிசையாக வைத்திருப்பார்கள். நடுவில் ஒரு கேனைச் செருக முடியாது. அரிசிப் பை காற்றில் பறக்காமல் இருக்க உள்ளே ஒரு கல் போட்டிருக்கும். டாக்டர் கிளினிக் வாசலில் விடியும் முன்னரே முதலில் வந்தவர் ஒரு நோட்டுத்தாளில் தன் பெயரை எழுதிக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போவார். அடுத்து வந்தவர் கீழே எழுதுவார். கம்பவுண்டர் வந்து கதவைத் திறந்ததும் அந்தத் தாளைக் கையில் எடுத்து, அதில் உள்ளபடியே கூப்பிடுவார். ஜுரக்காரக் குழந்தையைக் குளிரில் வாசலில் வைத்துக்கொண்டு நிற்காமல், தாயார் வீட்டில் இருந்து நேரத்துக்கு வந்து சேர அந்தத் தாள் போதும்.

ஆனால் கல்லின் நியாயம் செல்லாத இடம் ஒன்றையும் சின்ன வயதிலேயே பார்த்தேன். அம்மாவின் ஊரில் பொதுக்கிணறு என்று ஒன்று இருந்தது. அங்கேயும் குடங்கள் வரிசையில் நிற்கும். ஆனால் காலனிப் பெண்களின் குடம் அந்த வரிசையில் ஒரு நாளும் இருந்ததில்லை. அவர்கள் தள்ளி நின்று, யாராவது மனம் வந்து ஊற்றுவதற்காகக் காத்திருப்பார்கள். கிணற்றடியில் இடம் பிடிக்க ஒரு கல்லை வைப்பதற்கே ஒரு பிறப்பு வேண்டியிருந்தது. நகராட்சியே எல்லாருக்கும் என்று தீர்மானம் போட்டுத் திறந்துவிட்ட, மகாராஷ்டிரத்து மகாத் ஊர்க் குளத்தில், ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடிக்க 1927-ல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு ஊர்வலம் போக வேண்டியிருந்தது. பிறகு அவர்கள் தாக்கப்பட்டார்கள். எங்கள் சைதாப்பேட்டைத் தெருவில் சாதி இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கல்யாணத்திலும் வாடகை வீட்டிலும் அது நன்றாகவே இருந்தது. ஆனால் பம்படியில் கல்லுக்குப் பக்கத்தில் கல் உட்கார்ந்தது. எந்தக் கல் எந்தச் சாதி என்று தெரிந்தும் யாரும் நகர்த்தவில்லை. எல்லார் கையும் கல் வைக்க முடிகிற இடத்தில் மட்டும்தான் அது நியாயம். ஒரு கையைத் தடுத்துவிட்டால் மீதிப் பேரின் ஒழுங்கான வரிசைக்கு எந்தப் பெருமையும் இல்லை. அம்மாவின் ஊர்க் கிணற்றடி எவ்வளவு சச்சரவில்லாமல் இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் மனசு கூசுகிறது.

இன்னொரு விதமாகவும் கல் கெட்டுப்போகும். அது இன்று நகரம் முழுக்கக் கண்ணெதிரே நடக்கிறது.

நான் இப்போது இருக்கும் தெரு, கார்கள் எதிரெதிராக வந்தால் ஒன்று நிற்க வேண்டிய அளவு அகலம். அதன் இரு பக்கமும், காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே, பொதுச் சாலையில், பெயிண்ட் டப்பாவில் சிமெண்ட் நிரப்பி நடுவில் குழாய் நட்டு வைத்திருக்கிறார்கள். லாரி டயர், கடப்பாக் கல், இரும்புத் தொட்டியில் அரளிச்செடி, சங்கிலியால் பூட்டிய பழைய நாற்காலி. வேறு யாரும் வண்டி நிறுத்திவிடக் கூடாது என்பதற்காக. இவையும் ஆளுக்குப் பதில் இடம் பிடிக்கும் பொருள்கள்தான். அவற்றையும் யாரும் தொடுவதில்லை. பார்வைக்கு எங்கள் பழைய செங்கல்லும் இதுவும் ஒன்றுபோலவே இருக்கும்.

ஆனால் செங்கல்லுக்கு முறை வரும். முறை வந்ததும் அது எழுந்துபோகும். அந்த இடம் அடுத்தவருக்கு வந்துவிடும். துண்டுக்குக் கும்பகோணம் வரும், கிளினிக் தாளைக் கம்பவுண்டர் சாயங்காலம் கசக்கிப் போடுவார். சிமெண்ட் டப்பாவுக்கு முறையே வராது. அது யாருக்கும் எப்போதும் இடம் விடப்போவதில்லை. காத்திருப்பவருக்குப் பதிலாக வைத்த பொருளுக்கும், காத்திருக்க வேண்டியதே இல்லை என்று முடிவுசெய்தவர் வைத்த பொருளுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். முன்னது எல்லாருடைய இடத்தில் ஒருவருக்கு ஒரு நேரத்தைக் கொடுக்கிறது. பின்னது எல்லாருடைய இடத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொள்கிறது.

ஒரு ராத்திரி எதிர் வரிசையில் ஒரு பெரியவருக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் வந்தது. நிறுத்த வேண்டிய இடத்திலெல்லாம் டப்பாவும் டயரும். தெருமுனையில் நிறுத்திவிட்டு ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். நாங்கள் சிலர் ஓடிப்போய் டப்பாக்களை உருட்டித் தள்ளினோம். பெரியவர் பிழைத்துவிட்டார். மறுநாள் காலையில் எல்லா டப்பாக்களும் பழைய இடத்துக்கே வந்திருந்தன. அந்த ராத்திரி பயந்து எழுந்து வந்தவர்களே வைத்தது. அவர்கள் கெட்டவர்கள் அல்ல. பெரியவரைத் தூக்க முதலில் வந்த கைகளும் அவர்களுடையவைதான். வண்டிகள் பெருகிவிட்ட நகரத்தில் தன் வாசலை இழந்துவிடுவோமோ என்ற பயம் அவர்களுக்கு உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அந்தப் பயத்துக்கு ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்த பதில், தெருவையே இல்லாமல் ஆக்கிவிட்டது.

இது இப்படித்தான் ஆக வேண்டும் என்ற விதி இல்லை. நகரத்து நூலகம் ஒன்றில், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் நிறைந்த வாசிப்புக் கூடத்தில், அதே பிரச்சினை வந்தது. விடியலில் பையை நாற்காலியில் போட்டுவிட்டு மத்தியானம் வருகிறவர்கள் இருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்து ஒரு அறையில் ஆறு பேராகத் தங்கிப் படிக்கிறவர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகளே பேசி முடிவெடுத்தார்கள். எழுந்து போகிறவர் ஒரு சீட்டில் நேரத்தை எழுதிப் புத்தகத்தின் மேல் வைக்க வேண்டும். அரை மணி நேரம் தாண்டினால் புத்தகத்தை மூடி ஓரமாக வைத்துவிட்டு வேறொருவர் உட்காரலாம், வந்தவர் கோபிக்கக் கூடாது. நான் அங்கே போன நாள்களில் மேசைகளில் அந்தச் சீட்டுகளைப் பார்த்தேன். “1.10-க்கு வருவேன்.” “டீ. 4.20.” எங்கள் பம்படியின் சட்டத்தை அறியாத பிள்ளைகள் அதையே மறுபடி எழுதிவிட்டிருந்தார்கள்.

2019 கோடையில் பம்படியே திரும்பி வந்தது. ஏரிகள் வறண்டன. ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ஏற்றிக்கொண்டு ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்தது. 2003-லும் 2004-லும் இதேபோல் ஒரு வறட்சியைப் பார்த்துவிட்டு, வீராணம் ஏரியிலிருந்து குழாய் வந்த பிறகு இனிமேல் கவலையில்லை என்று நினைத்தவர்கள் மறுபடி குடத்தைத் தேடினார்கள். எங்கள் தெருமுனைக் கறுப்புத் தொட்டிக்கு லாரி எப்போது வரும் என்று தெரியாது. ராத்திரியே பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டின. பச்சை, நீலம், ஆரஞ்சு. சிலதில் பெயிண்டால் வீட்டு எண்.

அடுக்குமாடியிலிருந்து ஒரு இளம்பெண் தண்ணீர்க் கேனோடு வந்து, குடங்களுக்குப் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த முகம். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையைக்கூடக் கழற்றவில்லை. தெருவுக்குப் பின்னாலிருக்கும் வீட்டு வரிசையிலிருந்து வந்த அக்கா ஒருத்தி அவளைப் பார்த்துச் சொன்னாள்:

“நீ ஏம்மா நிக்கிற? கேன வெச்சிட்டுப் போய்ப் படு. லாரி வந்தா குரல் குடுக்கறேன். எந்த மாடி?”

“மூணாவது, அக்கா. யாராவது எடுத்துட்டாங்கன்னா?”

“எவ எடுப்பா? எல்லாம் நம்ம குடம்தானே வரிசையில இருக்கு.”

அந்தப் பெண் போய்ப் படுத்தாள். லாரி வந்ததும் அக்கா கீழேயிருந்து குரல் கொடுத்தாள். அடுத்த வாரத்தில் ஒரு நாள் அந்தப் பெண்ணே விடியலில் லாரியைப் பார்த்துவிட்டு, பின்வரிசை வீடுகளின் கதவை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனதைப் பார்த்தேன். மழை வந்தது, ஏரி நிறைந்தது, குடங்கள் உள்ளே போயின. தொட்டியடியில் ஒரு குடம்கூட மிச்சமில்லை.

பொது இடத்தில் மனிதர்கள் செய்யும் விநோதங்களைப் பட்டியல் போட்டுக் குறை சொல்கிற பேச்சு நம்மிடம் நிறைய இருக்கிறது. துண்டு போடுகிறார்கள், கல் வைக்கிறார்கள், நமக்கு ஒழுங்கு தெரியாது என்கிறோம். ஒழுங்கு நமக்கு நன்றாகவே தெரியும். தண்ணீரும் பஸ்ஸும் போதாத இடத்தில், போலீசோ அதிகாரியோ எட்டிப் பார்க்காத விடியலில், படிக்காத பெண்கள் ஒரு செங்கல்லை வைத்து அதை உண்டாக்கியிருக்கிறார்கள். கற்றுக்கொள்ள வேண்டியது அவர்களிடமிருந்துதான். வைக்கிற பொருளுக்குப் பின்னால் ஒரு உண்மையான தேவை இருக்க வேண்டும். அதைவிடப் பெரிய தேவை எதிரில் வந்து நின்றால் துண்டை மடித்துக்கொள்ளத் தெரிய வேண்டும். வேறு எவர் கையும் அதே இடத்தில் ஒரு கல்லை வைக்க முடிய வேண்டும். முறை முடிந்ததும் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும்.

என் வாசலுக்கு வெளியே, முன்பு குடியிருந்தவர் வைத்துவிட்டுப் போன ஒரு சிமெண்ட் டப்பா இருந்தது. அதை எடுத்துவிட்டேன். இப்போது அங்கே சில நாள் யாரோ வண்டி நிறுத்துகிறார்கள், சில நாள் காய்கறி வண்டிக்காரர் நிற்கிறார், சில நாள் காலியாகக் கிடக்கிறது. எதிர் வீட்டுக்காரரிடமும் பேசிவருகிறேன். மாநகராட்சி நினைத்தால் ஒரே காலையில் இந்தத் தெருவின் கற்கள் அத்தனையையும் லாரியில் ஏற்றிவிடலாம், அதற்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் அப்படி எடுத்த கல் மறுவாரம் திரும்பிவிடும். வைத்தவர் கையே எடுத்தால்தான் தெரு மறுபடியும் எல்லாருக்கும் ஆகும்.